ஒயரைக் கழற்றிப் பார்க்கலாம்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வீட்டில் அம்மாவைக் கேட்டாலும் சொல்வாள், காலை பஸ்ஸின் கண்டக்டரைக் கேட்டாலும் சொல்வார். சம்பாதித்துக் கொடுத்ததைவிட அந்தக் கோபம் கெடுத்ததுதான் ஜாஸ்தி. ஒரே ஒரு தடவை உருப்படியாக ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது. அந்தக் கதை இது.

ஆம்பூரில் ஹைவேயை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. குடியாத்தத்திலிருந்து தினமும் போய் வருகிறேன். ஷூ கம்பெனி என்று சொன்னால் தையலா, பேக்கிங்கா என்றுதான் எங்கள் தெருவில் கேட்பார்கள். சர்வரைப் பற்றி ஆரம்பித்தால், சரி சரி, கம்ப்யூட்டர் ரிப்பேரா என்று முடித்துவிடுவார்கள். நானும் விட்டுவிடுவேன்.

ஷூவின் மேல்பாகம் ஒரே தோல் இல்லை. முன்துண்டு, பக்கத்துண்டு, நாக்கு, குதிகால் துண்டு என்று பல துண்டுகளைச் சேர்த்துத் தைப்பது. ஒவ்வொரு துண்டையும் கம்ப்யூட்டரில் வரைந்து, ஒவ்வொரு சைஸுக்கும் கூட்டிக் குறைத்து வைப்பது பேட்டர்ன் ரூமின் வேலை. அங்கே ஏழெட்டுப் பெண்கள். அவர்கள் வரைந்த ஃபைலை, சந்துக்கு அந்தப் பக்கம் இரண்டாவது யூனிட்டில் இருக்கும் கட்டிங் மெஷின் எடுத்து, அதன்படி தோலை வெட்டும். அந்த ஃபைல்கள் எல்லாம் குடியிருக்கும் இடம் என்னுடைய சர்வர். ஒரு மில்லிமீட்டர் தப்பினால் ஷூ காலைக் கடிக்கும், ஆர்டர் கொடுத்த பையர் சரக்கைத் திருப்பி அனுப்புவான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மழைக்காலத்தில், அந்த சர்வர் செத்தது. கரண்ட் போய்ப் போய் வந்தது. யூபிஎஸ் படுத்துக்கொண்டது. டிஸ்க்குகள் ஒன்றைப் பார்த்து ஒன்று போய்ச் சேர்ந்தன. பேக்கப் இருக்கிறதா என்று பார்த்தால், எனக்கு முன்னால் இருந்தவர் வைத்துவிட்டுப் போன பேக்கப் என்றைக்கோ நின்றுபோயிருந்தது. அந்த சீசனுக்கு வரைந்த டிசைன்கள் அத்தனையும் போச்சு. பேட்டர்ன் ரூம் பெண்கள் மறுபடி முதலிலிருந்து வரைந்தார்கள். ரூமுக்குத் தலைவியாக இருக்கும் அக்கா, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக்கூடப் போகாமல் வந்து உட்கார்ந்தார். கண்ணெல்லாம் சிவந்து, மவுஸ் பிடித்த கை வீங்கி, என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

சரக்கு தாமதமாகப் போனது. அதன் பிறகு சென்னை ஆபீசைப் பார்த்துக்கொள்ளும் சின்ன முதலாளி நேரில் வந்தார். சத்தம் போடுகிற ஆள் இல்லை அவர். எங்களை மீட்டிங் ரூமில் உட்காரவைத்து மெதுவாகத்தான் பேசினார். ஆம்பூரில் கரண்ட்டை நம்ப முடியவில்லை, மழையை நம்ப முடியவில்லை, பேட்டர்ன் ரூமை சென்னைக்கே கொண்டுபோய்விடலாம், அங்கே இடம் தயாராக இருக்கிறது, வர விருப்பம் உள்ளவர்கள் வரலாம் என்றார். வர விருப்பம் உள்ளவர்கள்! அக்காவின் புருஷன் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்பில், பெரிய பெண் வேலூரில் நர்சிங் படிக்கிறாள், படுத்த படுக்கையாக மாமியார் வீட்டில். அக்கா எங்கே போவார்? மற்றப் பெண்களுக்கும் ஆளுக்கொரு கதை.

வெளியே வந்ததும் அக்கா என்னிடம் சொன்னார்: "என் வேலை மெட்ராஸ் போய்டும். நான்தாம்மா போவ முடியாது."

அழவில்லை. இட்லி ஆறிப்போச்சு என்று சொல்கிற குரலில் சொன்னார். எனக்குத்தான் உள்ளே எரிந்தது. திரும்ப மீட்டிங் ரூமுக்குள் போனேன். யாரும் கூப்பிடவில்லை. சின்ன முதலாளி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சார், செத்தது சர்வர். ரூம் இன்னா பண்ணுச்சு?" என்றேன்.

மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. சின்ன முதலாளி பையைக் கீழே வைத்தார். நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். எனக்கே அதுவரை தெரியாது. வாயிலிருந்து தானாக வந்தது: ஒன்றுக்கு இரண்டு சர்வர் வைப்பேன், யூனிட்டுக்கு ஒன்று, ஒன்று செத்தால் அந்த நொடியே மற்றது எடுத்துக்கொள்ளும், ரூமில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குச் செத்ததே தெரியாது.

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "சரி. அடுத்த சீசன் சாம்பிள் ஷூ வேலை முடிஞ்சதும் சொல்லாம ஒரு நாள் வருவேன். என் கையால ஒயரைக் கழட்டுவேன். ரூம் நின்னா, ரூம் சென்னைக்கு" என்றார்.

நின்னா, சென்னைக்கு. பஸ்ஸில் ஊர் போய்ச் சேரும்வரை இந்த இரண்டு வார்த்தைதான் காதில் ஓடியது. வாய்க்கொழுப்பில் ஏழெட்டுக் குடும்பத்தின் சோற்றை என் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேனே என்று பயந்துபோனேன். மறுநாள் காலையில் அது போய்விட்டது. பயப்பட நேரம் இல்லை என்பதுதான் காரணம்.

இரண்டு சர்வர் வைப்பது பெரிய வித்தை இல்லை. பேட்டர்ன் ரூம் இருக்கும் முதல் யூனிட்டில் ஒன்று, இரண்டாவது யூனிட்டில் ஒன்று, நடுவில் சந்தின் குறுக்கே ஒரு ஃபைபர் லைன். கஷ்டம் வேறு இடத்தில். முதல் சர்வரில் எழுதுவது அப்படியே இரண்டாவதிலும் எழுதப்பட வேண்டும். எப்போது? பிறகு மெதுவாக அனுப்பிக்கொள்ளலாம் என்று விட்டால், அனுப்புவதற்கு முன் முதலாவது செத்தால் நடுவில் இருப்பது போச்சு. அதனால் நான் கறாராக வைத்தேன்: அக்கா சேவ் அழுத்தினால், இரண்டு சர்வரிலும் எழுதி முடித்த பிறகுதான் 'ஆச்சு' என்று சொல்ல வேண்டும். அதுவரை காத்திருக்கட்டும்.

காத்திருந்தது. பேட்டர்ன் ரூமில் புலம்பல் ஆரம்பித்தது. முன்பெல்லாம் அழுத்தின உடனே ஆகும், இப்போது கொட்டாவி விட்டு முடிக்கிற நேரம் ஆகிறது என்று.

"இன்னாம்மா உன் சர்வரு, ஒவ்வொரு வாட்டியும் மாமியார் வூட்டுக்குப் போயி கேட்டுட்டு வருதா?" என்றார் அக்கா. ரூமே சிரித்தது.

ஆமாம் அக்கா, அப்படித்தான், அந்த மாமியார் சரி என்று சொன்னால்தான் நம் வேலை நிலைக்கும் என்றேன். வேகத்தைக் கூட்டச் சொல்லி மேனேஜர்கூடச் சொன்னார். ஒரு செட்டிங்கை மாற்றினால் போதும், காத்திராமல் பறக்கும். அந்த மழைக்காலத்தில் வீங்கிய கையை நினைத்துக்கொண்டு, முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றேன். கேபிளை மாற்றினேன், டிஸ்க்கை மாற்றினேன், தேவையில்லாத போக்குவரத்தை அந்த லைனிலிருந்து தள்ளிவிட்டேன். கொட்டாவி சின்னதாகி, ஒரு கண் சிமிட்டலாகக் குறைந்தது. புலம்பல் நின்றது.

ஒன்று செத்தால் மற்றது எடுத்துக்கொள்வதும் வேலை செய்தது. இரண்டும் அந்த ஃபைபர் வழியாக ஒன்றையொன்று விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்: இருக்கியா? இருக்கேன். இருக்கியா? இருக்கேன். பதில் வரவில்லை என்றால் இரண்டாவது, சரி அது போச்சு, இனி நான்தான் என்று எழுந்துகொள்ளும். ஒரு திங்கட்கிழமை கட்டிங்கோடு சேர்த்து முழு வேலையையும் இந்த ஜோடிக்கு மாற்றிவிட்டு, அடேயப்பா, என்ன பெருமை எனக்கு! செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் சுகமாகப் போயிற்று. வெள்ளிக்கிழமை வந்தது.

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரம் நீளம். பாதிப்பேர் தொழுகைக்குப் போவார்கள். மெஷின் எதுவும் ஓடாது. அந்த நேரத்தில் எங்கள் எலக்ட்ரீஷியன் பாய் ஒரு காரியம் செய்வார். மெயின் பேனல் சுவிட்சை இறக்கிக் கரண்ட்டை நிறுத்திவிட்டு, காற்றுக் குழாயைப் பிடித்து உள்ளே படிந்திருக்கும் தோல் தூசியை ஊதித் தள்ளுவார். தோலைத் தேய்க்கும்போது பறக்கிற அந்தத் தூசி பேனலுக்குள் சேர்ந்தால் தீப்பிடிக்கும். ஊதி முடித்து, கையைக் காலைக் கழுவிக்கொண்டு அவரும் மசூதிக்குப் போவார். வந்துதான் மறுபடி ஏற்றுவார். கம்பெனியில் இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்த விஷயம் என்பதால் யாரும் யாருக்கும் சொல்லமாட்டார்கள். அந்த நேரத்தில் டிபன் பாக்ஸோடு கேண்டீன் வாசல் மரத்தடிக்குப் போய்விடுகிற எனக்கு அது தெரியாது.

என் சர்வர்கள் இரண்டுக்கும் புது யூபிஎஸ் இருந்தது. பேனல் இறங்கியதும் இரண்டும் அசையவில்லை. ஆனால் நடுவில், சந்து ஓரச் சுவரில், ஃபைபரை இணைக்கிற சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்கு யூபிஎஸ் வைக்கவில்லை. கரண்ட் போனால் ஜெனரேட்டர் உடனே வந்துவிடும், அந்தப் பெட்டி விழுந்து எழுந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கரண்ட் போனால் ஜெனரேட்டர் வரும். பாய் வேண்டுமென்றே இறக்கினால் ஜெனரேட்டர் எதற்கு வரும்?

பெட்டி செத்தது. சர்வர்கள் இரண்டும் உயிரோடு இருந்தன. முதலாவது கேட்டது: இருக்கியா? பதில் இல்லை. இரண்டாவது கேட்டது: இருக்கியா? பதில் இல்லை. மற்றது செத்துவிட்டது என்று இரண்டுமே முடிவு கட்டி, இரண்டுமே நான்தான் தலைமை என்று உட்கார்ந்துகொண்டன. பாய் வந்து பேனலை ஏற்றியபோது லைன் திரும்பி வந்தது. இரண்டும் சேரவில்லை. நான்தான் பெரியவன், நீ யார் என்று இரண்டும் முறைத்துக்கொண்டு, தனித்தனியாகக் குடித்தனம் நடத்தின. சாப்பிட்டு வந்த நான் ஸ்கிரீனைப் பார்த்தேன். முதலாவது பச்சை. இரண்டாவது பச்சை. நிம்மதியாக மோர் குடித்தேன்.

அன்று மத்தியானம் அக்கா, காலையில் திருத்திய பக்கத்துண்டுக்குப் பொருந்தும்படி ஒரு மாடலின் முன்துண்டு ஓரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளித் திருத்தி, சேவ் செய்தார். அது முதல் யூனிட் சர்வரில் மட்டும் உட்கார்ந்தது. சந்துக்கு அந்தப் பக்கம் கட்டிங் மெஷின் தன் பக்கத்து சர்வரைக் கேட்டது. அது பழைய முன்துண்டைக் கொடுத்தது. மெஷின் வெட்டித் தள்ளியது. பக்கத்துண்டு மட்டும் காலையிலேயே புது அளவில் வெட்டி முடித்திருந்தார்கள். சாயங்கால டீ வருவதற்குள் தையலில் இருந்து குரல் வந்துவிட்டது, துண்டும் துண்டும் சேரவில்லை என்று.

கட்டிங் சூப்பர்வைசர் ஒரு டப் நிறைய வெட்டின தோலைத் தூக்கி வந்து என் மேஜையில் கொட்டினார். நல்ல முதல் தரத் தோல். டப்பைக் கவிழ்த்துத் தட்டி, அடியில் ஒட்டியிருந்த கடைசித் துண்டையும் போட்டுவிட்டுப் போனார். அழிந்த ஃபைலையாவது திரும்ப வரையலாம். வெட்டின தோலை என்ன செய்வது?

காரணம் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. கண்டுபிடித்ததும் நேராகப் பேனல் ரூமுக்குப் போய் பாயைப் பிடித்துக்கொண்டேன். என்னைக் கேட்காமல் எப்படி இறக்கலாம் என்று கத்தினேன். என் வயதுக்கு அவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அவர் ஸ்குரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நான் வந்த நாள்லேர்ந்து வெள்ளிக்கிழமை இறக்குறேன். உனக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்டிம்மா தெரியும்? நீ பெட்டி வெச்சது எனக்குத் தெரியுமா?"

அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேர் அவரவர் வேலையைச் சரியாகச் செய்து தோலைப் பாழாக்கியிருக்கிறோம். அதைத்தானே என் சர்வர்களும் செய்தன என்று தோன்றியபோது, அந்த ஆத்திரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சென்னைக்கு விஷயம் போகாமல் இருக்குமா? சின்ன முதலாளி போனில் என்னிடம் பேசவே இல்லை. மேனேஜரிடம் சொல்லி அனுப்பினார்: சொன்னது சொன்னதுதான், வருவேன். அதோடு பேட்டர்ன் ரூமுக்கு ஏசி போடுகிறவர்கள் சென்னையில் வேலையை ஆரம்பித்துவிட்டதாகவும் காதில் விழுந்தது. அக்காவுக்கும் விழுந்தது.

அந்தப் பெட்டிக்கு ஒரு யூபிஎஸ் வைத்தால் தீர்ந்தது என்று மேனேஜர் சொன்னார். அன்றைக்கே வைத்தேன். ஆனால் தீரவில்லை என்று எனக்குத் தெரியும். இன்றைக்குக் கரண்ட். நாளைக்கு ஒரு லாரி சந்தில் ரிவர்ஸ் எடுத்து ஃபைபரை இழுத்துக்கொண்டு போகும். நாளை மறுநாள் எலி கடிக்கும். லைன் அறுந்தால் மறுபடி இரண்டும் தலைமை என்று உட்காரும். பதில் வரவில்லை என்பதை வைத்து, எதிரில் இருப்பது செத்ததா, இல்லை லைன்தான் அறுந்ததா என்று ஒரு சர்வரால் சொல்ல முடியாது. இரண்டு பேர் மட்டும் இருந்தால் வழக்குத் தீராது. மூன்றாவதாக ஒன்று வேண்டும். அது ஃபைல் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம், பழைய கம்ப்யூட்டர் போதும். லைன் அறுந்தால் இரண்டு சர்வரும் அதனிடம் போய்க் கேட்கட்டும். அது ஒரே ஒருவருக்குத்தான் 'நீ நடத்து' என்று சொல்லும். அந்தச் சொல் கிடைக்காதது வேலையை நிறுத்திவிட வேண்டும்.

சரி, அந்த மூன்றாவதை எங்கே வைப்பது? முதல் யூனிட்டில் வைத்தால் முதல் யூனிட் போகும்போது அதுவும் போகும். இரண்டாவதில் வைத்தாலும் அதே கதி. கேட் ரூம் மின்சாரம் முதல் யூனிட் பேனலில் இருந்து வருகிறது. கேண்டீனுக்கு இரண்டாவதில் இருந்து. அடுத்த வெள்ளிக்கிழமை, பாய் பேனலை இறக்கிய நேரத்தில், சாப்பிடப் போகாமல் கம்பெனி முழுக்கச் சுற்றினேன். எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் செத்துக் கிடந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. சந்தின் கோடியில் குழந்தைகள் காப்பகம் இருக்கிறது, வேலைக்கு வரும் பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு வரும் இடம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிள்ளைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். தொழுகை முடிந்து வந்த பாயை மடக்கி, காப்பகத்துக்கு எங்கிருந்து கரண்ட் என்று கேட்டேன். அதற்குத் தனி மீட்டர், தெருக் கம்பத்திலிருந்து நேராக வருகிறது, கரண்ட் போனால் தனி இன்வெர்ட்டர் என்றார். அதை எப்போதாவது இறக்குவீர்களா என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அத எறக்குனா பசங்க எழுந்துக்கும். அப்புறம் அவங்க அம்மாளுங்க அத்தினி பேரும் மெஷின விட்டுட்டு இங்க வந்துடுவாங்க. யாருக்கும்மா அந்த தில்லு?"

அன்று சாயங்காலமே மேனேஜரிடம் கேட்டு அங்கே இடம் வாங்கிவிட்டேன். பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில், பரணுக்கு மேலே, பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு மரப்பெட்டி. இரண்டு யூனிட்டில் இருந்தும் தனித்தனியாக அதற்குக் கேபிள். பாய்தான் இழுத்துக் கொடுத்தார். நான் கத்தியதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கடைசி கேபிளை அடித்து முடித்ததும் மட்டும், அடுத்த தபா எங்காவது பெட்டி வைத்தால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லு என்றார். சொல்கிறேன் பாய் என்றேன்.

பிறகு கட்டிங் சூப்பர்வைசரிடம் போனேன். லைன் அறுந்தால் பேட்டர்ன் ரூம் இருக்கும் பக்கத்துக்குத்தான் காப்பகத்தின் சொல் கிடைக்கும்படி வைத்திருக்கிறேன், அப்போது உங்கள் பக்க சர்வர் தானே வாயை மூடிக்கொள்ளும், உங்கள் மெஷினுக்கு ஃபைல் வராது, மெஷின் நிற்கும் என்றேன். அவர் முகம் கறுத்தது. மெஷின் நின்றால் தனக்குத்தான் திட்டு விழும் என்றார். நின்றால் திட்டு, தப்பாக வெட்டினால் தோல், எது வேண்டும் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, நிற்கட்டும் என்றார்.

அதன் பிறகு நான் ஒரு பைத்தியக்காரியாக ஆனேன். தினமும் வேலை நேரத்தில் எதையாவது பிடுங்கினேன். இன்றைக்கு பவர் ஒயர், நாளைக்கு நெட்வொர்க் கேபிள், ஒரு நாள் காப்பகத்துப் பெட்டி, ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று சொதப்பும். திருத்துவேன். மறுநாள் மறுபடி பிடுங்குவேன். முதல் சில நாள் பேட்டர்ன் ரூமில் ஸ்கிரீன்கள் உறைந்து, அய்யோ என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் எனக்கு அளவுகோல். சத்தம் குறையக் குறைய எனக்குத் தைரியம் வந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் நான் எதையும் தொடவில்லை. அன்றைக்கு பாயே எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்துக்கொண்டார்.

சாம்பிள் வேலை முடிந்த வாரத்தில், ஒரு நாள் காலை பதினோரு மணி டீக்குச் சற்று முன்பு, சின்ன முதலாளி வந்தார். சொன்னபடியே சொல்லாமல் வந்தார். மேனேஜருக்கே தெரியாது. நேராகச் சந்துக்குப் போய் சுவர்ப் பெட்டியைத் திறந்து, நடுவில் போகும் ஃபைபரை உருவினார். வெள்ளிக்கிழமை கதை அவருக்கு நன்றாக நினைவில் இருந்தது.

இரண்டாவது யூனிட்டில் கட்டிங் மெஷின் நின்றது. ஃபைல் இல்லை என்று ஸ்கிரீன் சொன்னது. சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லைன் போனதைப் பார்த்து நான் ஓடிப்போனபோது சின்ன முதலாளியும் அங்கே இருந்தார்.

"நின்னுடுச்சேம்மா" என்றார் சின்ன முதலாளி.

இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இல்லை. "நிக்கணும் சார். நான்தான் நிக்க வெச்சேன். புது அளவு எதுன்னு தெரியாதப்ப அது வெட்டக் கூடாது" என்றேன். நீங்கள் சொன்னது பேட்டர்ன் ரூம் நிற்கக் கூடாது என்று, அது நிற்கவில்லை, வேண்டுமானால் போய்ப் பாருங்கள் என்றும் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் விட்டது.

அவர் சூப்பர்வைசரைப் பார்த்தார். லைன் வருகிற வரைக்கும் மெஷினைத் துடைக்கிற வேலை இருக்கிறது சார், தோல் மிச்சம் என்றார் அவர். சின்ன முதலாளி சந்துக்குப் போய் ஃபைபரைத் திரும்பச் சொருகினார். இரண்டு சர்வரும் சண்டை போடாமல் சேர்ந்துகொண்டன. விட்டுப்போனதை இரண்டாவது கேட்டு வாங்கி எழுதிக்கொண்டது. மெஷின் தானாக ஓட ஆரம்பித்தது. அவர் தலையை ஆட்டினார். அது சரி என்ற ஆட்டலா, பார்ப்போம் என்ற ஆட்டலா, எனக்குப் புரியவில்லை.

பிறகு சர்வர் ரூம் சாவியைக் கேட்டார். கொடுத்தேன். கூடப் போனேன். வாசலில் நிறுத்தி, நான் பேட்டர்ன் ரூமில் போய் நிற்க வேண்டும், எதையும் தொடக் கூடாது, யாரிடமும் எதுவும் சொல்லக் கூடாது என்றார்.

போய் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். அதற்குள் வந்திருப்பது யார் என்று ரூமுக்குத் தெரிந்துவிட்டது. யாரும் டீ குடிக்க எழுந்திருக்கவில்லை. எல்லாரும் அளவுக்கு மீறிய மும்முரத்தோடு வரைந்துகொண்டிருந்தார்கள். அக்காவின் கழுத்தில் வியர்வை. ஒரு பெண் வாய்க்குள் ஜெபம் செய்வது எனக்குக் கேட்டது. இந்த ரூமை இங்கே நிறுத்தி வைக்கும் சக்தி என் கையில் இல்லை, இனி அந்தப் பெட்டிகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா ஒரு குதிகால் துண்டின் வளைவை இழுத்துக்கொண்டிருந்தார். கோடு ஒரு கணம் மவுஸோடு வராமல் நின்றது. "ச்சீ, இந்த மவுஸு" என்று மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். கோடு வந்தது. வளைவை முடித்தார். சேவ் அழுத்தினார். ஆச்சு என்றது. அடுத்த சைஸைத் திறந்தார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். யாருக்கும் சொல்லக் கூடாது என்பது உத்தரவு.

நேரம் போனது. அக்கா இன்னும் இரண்டு சைஸ் முடித்தார். கதவு திறந்தது. சின்ன முதலாளி உள்ளே வந்து, வரிசையாக எல்லா ஸ்கிரீனையும் பார்த்துக்கொண்டே நடந்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அக்கா கையைப் பிசைந்துகொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"சார், ஒயரக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லிடுங்க சார். சேவ் பண்ணிக்கிறோம்."

சின்ன முதலாளி பின்னால் வைத்திருந்த கையை முன்னால் கொண்டுவந்தார். முதல் சர்வரின் பவர் ஒயர் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.